வகுப்பில் தூங்கும் பிள்ளையைப் பற்றி, தலைமையாசிரியர்களுக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களே, விடுதிக் காப்பாளர்களே,

வணக்கம். நான் 29 வருடம் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள். அதில் நான்கு வருடம் ஒரு மாணவியர் விடுதிக்குக் கூடுதல் பொறுப்பாகக் காப்பாளராகவும் இருந்தேன். உங்களில் பலரோடு விடைத்தாள் திருத்தும் மையத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்து வடையைப் பங்குபோட்டுத் தின்றிருக்கிறேன். அதனால் உங்களுக்கு உபதேசம் செய்ய எனக்கு வாயில்லை. நான் செய்த ஒரு தவறைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும்.

பதினோராம் வகுப்பு, நாளமில்லாச் சுரப்பிகள் பாடம். பீனியல் சுரப்பி மெலடோனினைச் சுரக்கிறது, இருட்டியதும் அது கூடுகிறது, உடம்பின் இரவு பகல் ஒழுங்கை அது கவனித்துக்கொள்கிறது என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால், கடைசிக்கு முந்தின பெஞ்சில் ஒருத்தி தூங்குகிறாள். தூக்கத்தைப் பற்றிய பாடத்திலேயே தூக்கம். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம் எழுப்பி நிற்க வைத்தேன். மறுநாளும் தூங்கினாள், அதற்கு மறுநாளும். நான்காம் நாள், நம் எல்லோரிடமும் இருக்கிற அந்த அஸ்திரத்தை எடுத்தேன்: "அப்பாவைக் கூட்டிக்கிட்டு வா."

அப்பா வந்தார். தலைமையாசிரியர் அறை வாசலில் நின்று நான் புகாரைச் சொல்லி முடிக்கும் முன்பே அவள் கன்னத்தில் இரண்டு அறை விழுந்தது. "சரி சரி, விடுங்க, வீட்ல புத்தி சொல்லுங்க" என்று நாங்கள் விலக்கிவிட்டோம். நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டோம். அடுத்த ஒரு வாரம் அவள் தூங்கவில்லை. வைத்தியம் பலித்துவிட்டது என்று ஆசிரியர் அறையில் நான் சொன்னதுகூட நினைவிருக்கிறது.

மூன்று நான்கு மாதம் கழித்து, செய்முறைத் தேர்வுக்கு ரெக்கார்டு நோட்டு முடிக்காதவர்களை ஆய்வகத்தில் உட்கார வைத்திருந்தேன். கடைசியில் அவளும் நானும் மட்டும் மிஞ்சினோம். பேச்சுக்குப் பேச்சாக, "வீட்ல எங்க படுப்ப?" என்று கேட்டேன். எந்த உள்நோக்கமும் இல்லை, வீடு சின்ன வீடு என்று கேள்விப்பட்டிருந்தேன், அவ்வளவுதான்.

"கதவு பக்கத்துல டீச்சர்."

"ஏன்?"

"வண்டிச் சத்தம் கேட்டா அம்மாவ எழுப்பணும்."

மதுக்கடை இரவு பத்து மணிக்கு மூடும். பத்தரை வாக்கில் அப்பாவின் டிவிஎஸ் வண்டி தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்கும் கதவு திறப்பதற்கும் நடுவில் கிடைக்கிற நேரத்தில் அம்மாவை எழுப்பி, தம்பியைத் தூக்கி உள்ளே கிடத்தி, சாப்பாட்டைத் தட்டில் போட்டு வைக்க வேண்டும். எட்டு வயதிலிருந்து இந்தக் காவல் வேலையை அவள்தான் பார்க்கிறாள். அப்பா சீக்கிரம் வந்துவிடும் நாள் நல்ல நாளாம். அடி விழுந்தாலும் பதினோரு மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும், தூங்கிவிடலாம். ஒரு மணி வரை வராத நாள்தான் கஷ்டம். காத்துக்கொண்டே கிடக்க வேண்டும்.

"இங்க வந்தாதான் டீச்சர் தூக்கம் வருது" என்றாள். "இங்க யாரும் வர மாட்டாங்கல்ல."

யார் வரக்கூடாது என்று அவள் எண்ணியிருந்தாளோ, அந்த ஆளைத்தான் நான் ஆள் அனுப்பி வரவழைத்திருந்தேன்.

இந்த மடலின் கோரிக்கை ஒன்றுதான். வகுப்பில் தூங்கும் பிள்ளையைத் தண்டிக்கும் முன், வீட்டுக்குச் சொல்லி அனுப்பும் முன், அந்தப் பிள்ளையின் இரவைப் பற்றி நான்கு கேள்வி கேளுங்கள். ஏன் கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்பதுதான் மீதி.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் தூங்குகிற பிள்ளை எல்லாம் வீட்டில் கொடுமை அனுபவிக்கிற பிள்ளை இல்லை. ராத்திரி முழுக்க கேம் ஆடிவிட்டு வருகிறவன் உண்டு. விடிகாலையில் பேப்பர் போட்டுவிட்டு வருகிறவன் உண்டு. ரத்தசோகையில் சுருண்டு கிடக்கும் பெண் உண்டு, கொசுக்கடி உண்டு, ஒரே அறையில் ஏழு பேர் படுக்கும் வீடு உண்டு. ஆனால் இவர்களையும் அந்தப் பெண்ணையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரித்தறிய முடியாது. எல்லோரும் பெஞ்சில் ஒரே மாதிரிதான் தலையைச் சாய்ப்பார்கள். கேட்டால்தான் தெரியும்.

தூங்குவது என்றால் காவலைக் கைவிடுவது. எந்த விலங்கும் ஆபத்து பக்கத்தில் இருக்கும்போது தூங்காது, தூங்கினால் பிழைக்காது. மனிதக் குட்டியும் அப்படித்தான். பயத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற பகுதி மூளையின் அடியில் பாதாம் பருப்பு அளவில் இருக்கிறது. சிறு வயதிலேயே திரும்பத் திரும்ப அடியோ, வசவோ, தகாத தொடுதலோ, யாருமே கண்டுகொள்ளாத புறக்கணிப்போ நடந்தால், இந்தப் பகுதி எப்போதும் விழித்திருக்கப் பழகிவிடுகிறது. நெருக்கடியில் உடம்பை முடுக்கிவிடும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் காலையில் ஏறி, இரவில் இறங்க வேண்டும். நெருக்கடியிலேயே வளரும் பிள்ளைகளில் இந்த ஏற்ற இறக்கம் குலைந்துபோவதுண்டு. உடம்பு படுக்கையில் கிடக்கும், உள்ளே மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

இதில் இன்னொரு கொடுமை. பல பிள்ளைகளுக்குக் கெடுதல் நடந்த இடமே படுக்கைதான், நேரமே இரவுதான். பாய், போர்வை, விளக்கை அணைக்கிற சத்தம் என்று நமக்குத் தூக்கம் வரவழைக்கிற எல்லாமே அந்தப் பிள்ளைக்கு அபாய அறிகுறி. தப்பித்து வேறு ஊருக்கு, விடுதிக்கு, பாட்டி வீட்டுக்குப் போன பிறகும் உடம்பு அதை மறப்பதில்லை.

இது நான் யோசித்துச் சொல்வது மட்டும் அல்ல. கொடுமைக்கு ஆளான குழந்தைகளுக்கு, கைக்கடிகாரம் மாதிரியான ஓர் அசைவுமானியைக் கட்டி இரவில் அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1997-ல் வெளிவந்த அந்த ஆய்வில், அவர்களுக்குத் தூக்கம் பிடிக்க அதிக நேரமானது, இரவெல்லாம் உடம்பு புரண்டுகொண்டே இருந்தது. மனச்சோர்வு நோய் இருந்த குழந்தைகளைவிடவும் இவர்களுக்கு அசைவு அதிகம். இதில் நான் நின்று யோசித்த இடம் ஒன்று உண்டு: பாலியல் துன்பத்துக்கு ஆளானவர்களைவிட, அடிபட்ட குழந்தைகளின் தூக்கம் இன்னும் கெட்டிருந்தது. "நாலு அடி போட்டாத்தான் பிள்ளை உருப்படும்" என்று பேசுகிற ஊர் நம் ஊர். அந்த நாலு அடி ராத்திரியில் என்ன செய்கிறது என்று நாம் யாரும் பார்த்ததில்லை.

2006-ல் வந்த இன்னோர் ஆய்வு, பாலியல் கொடுமை வெளியே தெரிந்து சுமார் 10 வருடம் ஆன பெண்களைப் பற்றியது. அப்போதும் அவர்களின் தூக்கம் மற்றப் பெண்களைவிட மோசமாக இருந்தது. மனச்சோர்வுதான் காரணமோ என்று அதைக் கழித்துப் பார்த்த பிறகும் வித்தியாசம் மிஞ்சியது. சான் டியேகோ நகரில் 17,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் பிள்ளைப் பருவத் துயரங்களைக் கேட்ட பெரிய ஆய்வு ஒன்று உண்டு. அதிலிருந்து 2011-ல் வந்த கணக்கில், அப்படிப்பட்ட துயரம் ஐந்தோ அதற்கு மேலோ இருந்தவர்களுக்கு, ஒன்றுகூட இல்லாதவர்களைவிட, தூக்கம் பிடிக்காமலோ நடுவில் கலைந்தோ போகும் வாய்ப்பு இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம். பேரன் பேத்தி எடுத்த வயதிலும் எட்டு வயது இரவு விடவில்லை.

நம் நாட்டில் எத்தனை பேர் என்று கேட்பீர்கள். மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டு 2007-ல் வெளியிட்ட அறிக்கையில், மூன்றில் இரண்டு பேர் அடிபட்டவர்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்பத்தைச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியவர்கள் மூன்றில் இரண்டு பேர். அந்த 13 மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. அதனால் நமக்குப் பொருந்தாது என்று யாராவது சொன்னால், அவரை ஒரு நாள் எட்டாம் வகுப்பு 'சி' பிரிவில் உட்கார்ந்து பார்க்கச் சொல்வேன்.

சரி, ஏன் பதின்வயதுப் பிள்ளைகளை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுகிறேன்? பூப்பெய்தும் வயதில் உடம்புக் கடிகாரமே பின்னுக்கு நகர்கிறது. மெலடோனின் சுரப்பது ஒன்று இரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது. அமெரிக்காவில் மேரி கார்ஸ்கடன் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் இதைத்தான் அளந்து காட்டினார். பதினைந்து வயதுப் பையனுக்குப் பதினோரு மணி வரை தூக்கம் வராதது திமிரில்லை, உடம்பு. ஆனால் 13 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. நாமோ ஏழரை மணிக்குச் சிறப்பு வகுப்பு வைக்கிறோம். உறைவிடப் பள்ளிகளில் நாலரைக்கு மணி அடித்து எழுப்பி, இரவு பத்தரை வரை படிக்க வைக்கிறார்கள். நல்ல வீட்டில் நிம்மதியாகப் படுக்கிற பிள்ளைக்கே இந்தக் கணக்கு இடிக்கும். கதவோரம் காவல் கிடக்கும் பிள்ளைக்கு மிச்சம் என்ன இருக்கும்?

அந்த மிச்சமும் போனால் என்ன ஆகும் என்பது நம் ஆசிரியர் அறைப் பேச்சிலேயே இருக்கிறது. "நல்லா படிச்ச புள்ள, ஒன்பதாவதுல கெட்டுப்போச்சு." "தொட்டதுக்கெல்லாம் எரிஞ்சு விழறான்." "ஞாபக சக்தியே இல்ல." பகலில் படித்தது மூளையில் பதிவது தூக்கத்தில். கோபத்துக்கும் அழுகைக்கும் கடிவாளம் போடும் மூளையின் முன்பகுதி, தூக்கமில்லாவிட்டால் முதலில் கையை விரிக்கும். கொடுமையிலிருந்து மனச்சோர்வுக்கும், கையைக் கீறிக்கொள்வதற்கும், இன்னும் மோசமான முடிவுகளுக்கும் போகிற பாதையில் கெட்ட தூக்கமும் ஒரு படிக்கட்டு என்று ஆய்வுகள் சொல்கின்றன. நடந்துபோன கொடுமையை நம்மால் மாற்ற முடியாது. இன்றைய ராத்திரித் தூக்கத்தில் கை வைக்கலாம்.

செல்போனைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நீங்கள் முதலில் சொல்லப்போவது அதுதான். ராத்திரி இரண்டு மணி வரை போன் பார்க்கிறான், அதனால் தூங்கவில்லை. பல பேருக்கு அது சரிதான். ஆனால் விடுதியில் ஒரு பெண் எனக்கு வேறு மாதிரிச் சொன்னாள். கண்ணை மூடினால் அந்தக் கனவு வருகிறது, அதனால் கண் தானாகச் சொருகிப்போகும் வரை ஏதாவது பார்த்துக்கொண்டே இருப்பேன் என்றாள். அவளுக்குப் போன் ஒரு காவல் நாய். நான் அதைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டியபோது, நாயை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டேன். இருட்டை மட்டும் அவளிடம் விட்டுவிட்டேன். போனை வாங்கி வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கும்போது, "இது இல்லாட்டி ராத்திரி என்ன பண்ணுவ?" என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அமுக்குவான் பேயும் அப்படித்தான். விடுதியில் வருடத்துக்கு ஒரு முறையாவது இந்தப் புரளி கிளம்பும். நெஞ்சில் ஏறி உட்கார்ந்து அமுக்குது, கத்த முடியல, கை கால் அசைக்க முடியல என்று ஒருத்தி சொல்வாள், மறுநாள் நான்கு பேர் சொல்வார்கள், ஞாயிற்றுக்கிழமை யாரோ ஒருவரின் அம்மா தாயத்தோடு வந்து நிற்பார். இதற்குப் பேய் வேண்டாம். கனவு காணும் கட்டத்தில் உடம்பின் தசைகள் தளர்ந்து செயலற்றுக் கிடக்கும். அது விலகும் முன்பே மூளை விழித்துக்கொண்டால் இப்படி ஆகும். யாருக்கும் வரலாம், பெரும்பாலும் தீங்கில்லை. ஆனால் தூக்கம் கெட்டவர்களுக்கும் பழைய அதிர்ச்சியைச் சுமப்பவர்களுக்கும் கூடுதலாக வரும். அதனால் பேய்க்கதையைக் கேட்டுச் சிரிப்பதற்கோ அதட்டுவதற்கோ முன்னால், முதலில் சொன்ன அந்த ஒருத்தியிடம் தனியாக இரண்டு நிமிடம் பேசுவது நல்லது.

படுக்கை நனைவது இன்னும் வேதனை. ஐந்தாறு வருடம் நனைக்காமல் இருந்த பிள்ளை பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் திடீரென்று நனைக்கத் தொடங்கினால், சிறுநீர்த் தொற்று, சர்க்கரை என்று மருத்துவரிடம் காட்ட வேண்டும். கூடவே, வீட்டிலோ விடுதியிலோ என்ன மாறியது என்றும் கேட்க வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? பாயை எல்லோரும் பார்க்கும் இடத்தில் காய வைக்கச் சொல்கிறோம். எந்த விடுதி என்று சொல்ல மாட்டேன். நான் பொறுப்பேற்பதற்கு முன் அங்கே வழக்கமே அதுதான். முதல் இரண்டு மாதம் நானும் அதை நிறுத்தவில்லை.

கேள்விகளுக்கு வருகிறேன். "உனக்கு என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்குப் பதில் சொல்லப் பிள்ளையிடம் வார்த்தை இருக்காது, வார்த்தை இருந்தாலும் தைரியம் இருக்காது. பிள்ளைகள் தங்கள் குறையை எழுதிப் போடப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டி வைத்திருக்கிறோம், நல்ல ஏற்பாடு, ஆனால் பெட்டியில் சீட்டுப் போடுவதற்கும் அந்த வார்த்தை வேண்டும். "தூக்கம் வரல டீச்சர்" என்பதில் வெட்கம் இல்லை, யாரையும் காட்டிக்கொடுப்பதும் இல்லை. எந்தப் பிள்ளையும் அதைச் சொல்லும். தூக்கத்தைப் பற்றி விசாரிப்பது, மூடிய வீட்டின் பின்வாசல் மாதிரி.

நான் கேட்டுப் பழகியவை இவை. எத்தனை மணிக்குப் படுப்ப, எப்பத் தூங்குவ? நடுவுல முழிப்பு வருதா, எதனால? எங்க படுப்ப, பக்கத்துல யாரு? கடைசியாக ஒன்று, இதுதான் எனக்கு அதிகம் உதவியது: உனக்கு எங்க படுத்தா நல்லாத் தூக்கம் வரும்? "பாட்டி வீட்ல" என்று ஒருத்தி சொன்னாள். "அக்கா லீவுக்கு வந்தா" என்றாள் இன்னொருத்தி. "ஸ்கூல்ல" என்றவளை உங்களுக்கு முன்பே தெரியும். பதிலைக் கேட்டு முகத்தில் எதையும் காட்டாமல், "சரி, அப்புறம்?" என்று மட்டும் சொல்லப் பழக வேண்டும். அதுதான் கஷ்டம். எல்லோர் முன்னாலும் கேட்கக்கூடாது, கதவைச் சாத்திக்கொண்டும் கேட்கக்கூடாது. வராந்தா, ஆய்வகம், வேப்பமரத்தடி போதும்.

வீட்டில் ஏதோ இருக்கிறது என்று தோன்றினால் அப்பாவையோ அம்மாவையோ மாமாவையோ உடனே வரவழைக்காதீர்கள். நான் பட்டது போதும். பாலியல் துன்பம் என்ற ஐயம் எழுந்தால் உங்கள் விருப்பத்துக்கு விட்ட விஷயமே இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த 2012-ன் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி தெரிந்தவர் எவரும் காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே உள்ளவர் செய்ததை மறைத்தால் ஒரு வருடம் வரை. "பள்ளிக்கூடப் பேர் கெட்டுப்போகும்" என்பது இந்தச் சட்டத்தில் விதிவிலக்காக இல்லை, நான் தேடிப் பார்த்துவிட்டேன். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று பிள்ளைக்குச் சத்தியம் செய்து கொடுத்துவிடாதீர்கள், காப்பாற்ற முடியாது. "உனக்கு உதவி பண்றவங்ககிட்ட மட்டும் சொல்வேன்" என்பது உண்மை. திரும்பத் திரும்பத் துருவிக் கேட்டு நீங்களே விசாரணை நடத்தவும் வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417, மனநல உதவிக்கு 14416. மூன்றையும் நோட்டீஸ் பலகையில் எழுதிப் போட்டிருப்பீர்கள். ஒரு முறை நீங்களே கூப்பிட்டும் பாருங்கள். கூப்பிட்டால் என்ன கேட்பார்கள் என்று தெரிந்திருந்தால் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க முடியும்.

பிரம்பைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. தமிழ்நாடு 2003-லேயே கல்வி விதிகளின் 51-ஆம் விதியைத் திருத்தி, பள்ளியில் அடிப்பதைத் தடை செய்துவிட்டது. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் உடலை அடிப்பதோடு மனதைத் துன்புறுத்துவதையும் சேர்த்துத் தடுத்தது. இதை உண்மையாகவே நடைமுறைப்படுத்தச் சொல்லி 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது என்றால், நடுவில் இருந்த 21 வருடம் நாம் என்ன செய்தோம் என்பது நமக்கே தெரியும். வீட்டில் அடிபட்டதால் தூங்காத பிள்ளை, தூங்கியதற்காகப் பள்ளியில் அடி வாங்கினால், தூங்க மிச்சமிருந்த ஒரே இடமும் போகிறது.

தூக்கத்துக்கு வைத்தியம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். மாத்திரையைச் சொல்லவில்லை. மருத்துவர் எழுதாமல் எந்தத் தூக்க மருந்தையும் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடாது. தூக்கத்தைக் கெடுக்கிற எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பதின்வயதினருக்கும் பலன் தருகிறது. அதிர்ச்சிக்கென்று தனிச் சிகிச்சை உண்டு. கெட்ட கனவுக்கு எளிமையான ஒரு முறை இருக்கிறது. கனவைப் பகலில் எழுதி, அதன் முடிவைத் தனக்குப் பிடித்த மாதிரி மாற்றி, மாற்றிய கதையை மனதுக்குள் ஒத்திகை பார்ப்பது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் இதைச் சோதித்து 2001-ல் வெளியிட்டார்கள், கெட்ட கனவு குறைந்தது, தூக்கமும் மேம்பட்டது. மாவட்ட மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. "பைத்தியக்கார டாக்டர்" என்று பயப்படும் வீட்டாரிடம், "தூக்கம் வரலைன்னு காட்டப் போறோம்" என்று சொல்லித்தான் நான் இரண்டு பேரைக் கூட்டிப் போனேன். பொய்யும் இல்லை. ஆனால் வீட்டில் ஆபத்து தொடரும்போது சிகிச்சை மட்டும் எடுபடாது. கதவோரம் காவல் கிடக்கும் பிள்ளைக்குக் கண்ணை மூடி நிதானமாக மூச்சு விடச் சொல்லிக் கொடுத்து என்ன பயன்? முதலில் அந்தக் கதவைக் கவனிக்க வேண்டும்.

பசித்த பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காமராசர் காலத்து மதிய உணவிலிருந்து 2022-ல் மதுரையில் தொடங்கிய காலை உணவு வரைக்கும் இந்த மாநிலம் அதை அறிந்தே செய்திருக்கிறது. சோற்றுக்கு யோசித்த அளவில் பத்தில் ஒரு பங்கு தூக்கத்துக்கு யோசிக்கலாம். கலிபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் தொடங்கக்கூடாது என்று 2019-ல் சட்டம் போட்டு 2022-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். நம்மிடம் சட்டம்கூட வேண்டாம், ஏழரை மணிச் சிறப்பு வகுப்பை நிறுத்தத் தலைமையாசிரியர் ஒருவர் மனது வைத்தால் போதும். தேர்ச்சி விகிதம் குறையும் என்று பயப்படுவீர்கள். நானும் பயந்தவள்தான். அந்த ஏழரை வகுப்பில் எத்தனை பேர் விழித்திருந்தார்கள் என்று எண்ணிப் பார்த்ததே இல்லை.

விடுதிக் காப்பாளர்களுக்குத் தனியாகச் சில. இரவு ரோந்தில் டார்ச்சை முகத்தில் அடிக்காதீர்கள், தரையில் அடியுங்கள். காலையில் கட்டிலைத் தட்டியோ போர்வையை இழுத்தோ எழுப்பாதீர்கள், பேர் சொல்லி, தூரத்திலிருந்து எழுப்புங்கள். தொட்டு எழுப்பியதும் கையை ஓங்கிக்கொண்டு எழுந்த ஒருத்தியைப் பார்த்திருக்கிறேன். என்னை அடிக்க வந்ததாக எண்ணி அவளைத் திட்டினேன். அவள் தடுத்துக்கொள்ளத்தான் கையைத் தூக்கினாள் என்பது பிறகு புரிந்தது. கதவோரம் படுக்க வேண்டும் என்கிறவளுக்கும், சுவரோரம்தான் வேண்டும் என்கிறவளுக்கும் காரணம் கேட்காமல் இடம் மாற்றிக் கொடுங்கள். ராத்திரி கழிப்பறைக்குத் தனியாகப் போகப் பயந்தால் துணை அனுப்புங்கள். உங்கள் ஊழியர் யாரும் ராத்திரியில் ஒரு பிள்ளையின் அறைக்குத் தனியாகப் போகக்கூடாது. இதில் விதிவிலக்கு வேண்டாம், எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை விலங்கியல் ஆசிரியை ஒருத்தி

பி.கு.: விளக்கு விஷயம் விட்டுப்போயிற்று. எங்கள் விடுதியில் விளக்கை அணைப்பதுதான் தினசரிச் சண்டை. அறைக்கு ஒருத்தி போட்டிருக்கட்டும் என்பாள், மற்ற ஏழு பேர் அணை என்பார்கள். அதட்டிப் பார்த்தேன், அட்டவணை போட்டுப் பார்த்தேன். கடைசியில் அறைக்கு ஒரு ஜீரோ வாட் பல்ப் வாங்கி மாட்டினேன், மொத்தம் பன்னிரண்டு. சண்டை அன்றோடு நின்றது. தணிக்கைக்கு வந்தவர் இதை எந்தத் தலைப்பில் காட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டார். "இதரச் செலவினம்" என்று எழுதியிருந்ததைக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் டிக் அடித்துவிட்டுப் போனார்.